பொதுன்னா நாதியத்ததா? (ஒட்டுப்போர்வையும் ஒருநாள் நடையும்)

மக்களே, பொட்டி தட்டுற வேலையில இருக்கிறவனுக்குன்னு சில பொழுதுபோக்கு எழுதியே வெச்சிருக்காங்க. பெரிய கேமரா வாங்கணும், ஞாயித்துக்கிழமை கிரிக்கெட் ஆடணும், வீட்டுக்கடன் வட்டி பத்திப் பேசணும், வருஷத்துக்கு ஒரு தடவை லாஸ் வேகாஸ் போய்ட்டு வரணும். இந்தப் பட்டியல்ல இல்லாத ரெண்டு வேலை நான் பண்றேன். ஒண்ணு, ஒட்டுப்போர்வை தைக்கிறது. இன்னொண்ணு, சனிக்கிழமை காலையில கிளம்பிப் போய் கடலோரமா ஏழெட்டு மைல் நடந்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வீட்டுக்குத் திரும்பிடறது.

முதல் விஷயத்தைச் சொன்னா சிரிக்கிறாங்க. ரெண்டாவதைச் சொன்னா, "சும்மா நடக்கிறதுக்கா மச்சி ரெண்டரை மணி நேரம் கார் ஓட்டிட்டுப் போற?"ன்னு கேக்கிறாங்க. இந்த ரெண்டு பேருக்கும் பதில் சொல்லிச் சொல்லி எனக்குள்ள ஒரு கருத்து உருவாகிடுச்சு. அதை இங்க கொட்டிடறேன். (மொக்கைதான். ஆனா கொஞ்சம் காரமான மொக்கை.)

கருத்து இதுதான். இந்த ரெண்டு சந்தோஷமும் எனக்கு ஓசியில கிடைக்குது. துணிக்குக் காசு ஆகுது, பெட்ரோலுக்குக் காசு ஆகுது, அது வேற. ஆனா அந்தப் போர்வையில இருக்கிற டிசைனுக்கும், அந்தக் கடலோரப் பாதைக்கும் நான் யாருக்கும் வாடகை கட்டல. ரெண்டும் பொது. பொதுன்னு சொன்ன உடனே நம்மாளுங்க மனசுக்குள்ள 'யாருதும் இல்லை, கேக்க நாதியில்லை'ன்னு மொழிபெயர்த்துக்கிறாங்க. அங்கதான் எனக்கு வழக்கு. பொதுவா இருக்கிற ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி அதை உருவாக்கின ஆளும் இருக்கு, பூட்டாம காப்பாத்தின ஆளும் இருக்கு. அவங்களை மறந்துட்டா, அடுத்த தலைமுறைக்கு அந்த ஓசி கிடைக்காது.

முதல்ல போர்வை

குயில்ட்னு சொல்றாங்க இல்லையா, அது மூணு அடுக்கு. மேல துண்டுத்துணிங்களைச் சேர்த்துத் தைச்ச முகத்துணி, நடுவுல மெல்லிசா ஒரு பஞ்சுத் தகடு, கீழ அடித்துணி. மூணையும் ஒண்ணா சேர்த்து மேலாகத் தையல் ஓட்டி, நாலு ஓரத்துக்கும் பைப்பிங் மாதிரி ஒரு பட்டி வெச்சு அடிச்சா போர்வை ரெடி. நான் இதை ஒட்டுப்போர்வைன்னுதான் சொல்றது.

"ஆம்பளப் பையன் தையல் மெஷின் முன்னாடியா?"ன்னு கேக்கிற அத்தைங்களுக்கு ஒரு கேள்வி. இத்தனை வருஷமா உங்க ஜாக்கெட்டைத் தைச்சுக் குடுத்தது யாரு? எங்க திருநெல்வேலிப் பக்கம் நான் பார்த்த டெய்லர் கடையில எல்லாம், காஜா எடுக்கிற பையன்லேர்ந்து கட்டிங் மாஸ்டர் வரைக்கும் மீசை வெச்ச அண்ணாச்சிங்கதான். கூலிக்குத் தைச்சா அது தொழில், ஆசைக்குத் தைச்சா அது பொம்பள வேலையாம். என்ன லாஜிக்கோ போங்க.

இன்ஜினியரிங் படிச்சவனுக்கு இதுல தீனி நிறைய. அமெரிக்கப் பாணியில ஓரத்துக்கு விடுற துணி 1/4 இன்ச். அதுல ஒரு 1/16 இன்ச் கூடப் போச்சுன்னு வெச்சுக்கங்க. ஒரு தையல்ல ரெண்டு துணி சேருது, ஆக 1/8 இன்ச் உள்ள போயிடும். கண்ணுக்கே தெரியாது. ஆனா எட்டுத் தையல் தாண்டினா முழுசா 1 இன்ச் காணாமப் போயிருக்கும். பக்கத்து வரிசையோட மூலை சேராது. நம்ம புரோகிராம்ல எங்கயோ ஒரு ரவுண்டிங் பிழை சேர்ந்து சேர்ந்து கடைசியில கணக்கு உதைக்குமே, அச்சு அசல் அதேதான். என்ன ஒண்ணு, இங்க டேமேஜர் ஸ்டேட்டஸ் கேக்கமாட்டார் :-)

துணி வெட்டுறதுக்கு கத்திரிக்கோல்கூட அவ்வளவா தேவையில்லை. பீட்சா வெட்டுற சக்கரம் மாதிரி ஒரு கத்தி இருக்கு. ஜப்பானோட ஓல்ஃபா கம்பெனி 1979-ல கொண்டுவந்தது. ஸ்கேலை அழுத்திப் பிடிச்சு அதை ஓட்டினா நாலு அடுக்குத் துணி நேர்க்கோட்டுல வெட்டுப்படும்.

டிசைன்களோட பேரைக் கேட்டா நீங்களே மயங்கிடுவீங்க. மரக்குடில், பறக்கும் வாத்துகள், மாலுமியின் திசைகாட்டி, குடிகாரன் பாதை (நிஜமாவே பேரு அதான், வளைஞ்சு வளைஞ்சு போகும்), கடலலை, கடற்புயல். இந்தக் கடற்புயல் இருக்கே, அது ஒரு மாயம். சதுரம், முக்கோணம், சாய்சதுரம்னு எல்லாமே நேர்க்கோட்டுல வெட்டின துண்டுங்கதான். ஒரு வளைவுகூட கிடையாது. ஆனா வரிசையா சேர்த்துட்டு நாலடி தள்ளி நின்னு பாருங்க, அலை வளைஞ்சு சுருண்டு வர்ற மாதிரியே இருக்கும். எங்கம்மாவோட பழைய சுங்குடிப் புடவை ஒண்ணை வெட்டி இந்த டிசைனைத் தைச்சேன். அந்தக் குட்டிக் குட்டிப் புள்ளியெல்லாம் நுரை தெறிச்ச மாதிரி வந்து உக்காந்துச்சு பாருங்க... அம்மாவுக்கு போட்டோ அனுப்பினா, "நல்ல புடவையப் போய் கிழிச்சுட்டியே"ன்னு பதில் வந்துச்சு. அது கிடக்கட்டும்.

இந்த டிசைனையெல்லாம் கண்டுபிடிச்சது யாரு? நிறைய டிசைனுக்குப் பேர் தெரியாது. அம்மா பொண்ணுக்குச் சொல்லிக் குடுத்து, பக்கத்து வீட்டுக்காரி பார்த்துட்டுப் போய் ஒரு முக்கோணத்தைத் திருப்பி வெச்சு, அது வேற பேரோட அடுத்த ஊருக்குப் போய்... நம்ம கோலம் மாதிரியே. அடுத்த வீட்டு வாசல்ல நல்லா இருக்கிற புள்ளிக்கோலத்தை நோட்டுல வரைஞ்சுக்கிட்டு வந்து மறுநாள் நம்ம வாசல்ல போடறதுக்கு யாராச்சும் ராயல்டி கட்டினதுண்டா? பாரம்பரியமா வர்ற ஒட்டுப்போர்வைக் கட்டங்களும் அப்படித்தான், யாரும் உரிமை கொண்டாட முடியாது. நாலு புடவையும் ஒரு மெஷினும் இருந்தா உங்களுதுதான்.

அடுத்தது நடை

மலையேறி, கூடாரம் போட்டு, கரடிக்குப் பயந்து சாப்பாட்டைப் பெட்டியில பூட்டி வைக்கிற சாகசமெல்லாம் எனக்கு ஒத்துவராது. எனக்குப் பிடிச்சது ஒருநாள் நடை. முதுகுல ஒரு பை, ரெண்டு பாட்டில் தண்ணி, எலுமிச்சை சாதம், ஒரு ஜெர்கின். சாயங்காலம் வீடு.

கலிபோர்னியாவோட கடலோரம் சுமார் 1,100 மைல். நான் இருக்கிற வளைகுடாப் பகுதியிலேர்ந்து வடக்கேயும் தெற்கேயும் ஒரு நாள்ல போய் நடந்துட்டு வர்ற மாதிரி பாதைங்க ஏராளம். ரெண்டு மட்டும் சொல்றேன்.

ஒண்ணு, வடக்கே சொனோமா கவுண்டியில கார்ட்டம் பாதை. ரைட்ஸ் பீச்லேர்ந்து ஷெல் பீச் வழியா கோட் ராக் பக்கம் வரைக்கும், போக வர ஏழெட்டு மைல். இடது கைப்பக்கம் செங்குத்தா இறங்குற பாறையும் பசிபிக்கும், வலது கைப்பக்கம் புல்வெளி. வசந்தகாலத்துல போனீங்கன்னா புல்லெல்லாம் பூ. பாதை முடியறதுக்குக் கொஞ்சம் முன்னாடி தனித்தனியா பெரிய பாறைங்க நிக்கும். அதுல சில இடம் மட்டும் கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும், அதுவும் நம்ம தலைக்கு ரொம்ப மேல. பனியுகத்துல மாமத் யானைங்க அரிப்புக்கு உடம்பை உரசி உரசித் தேய்ஞ்சதுன்னு ஆராய்ச்சியாளர்கள் சிலர் சொல்றாங்க. கோயில் யானை கல்தூண்ல உரசிக்கிறதைப் பார்த்த நமக்கு இதை நம்பறதுல ஒரு கஷ்டமும் இல்லை.

இன்னொண்ணு, சான் பிரான்சிஸ்கோவுக்குத் தெற்கே டெவில்ஸ் ஸ்லைடு. சாத்தான் சறுக்குன்னு தமிழ்ப்படுத்தலாம். வெறும் 1.3 மைல்தான், குழந்தையைத் தள்ளுவண்டியில வெச்சுக்கிட்டே போகலாம். நிஜமான தார் ரோடு, நடுவுல கோடெல்லாம் போட்டது, ஆனா ஒரு கார் கிடையாது. கீழ கடல், மேல வல்லூறு. மூடுபனி இருந்தா கடல் சத்தம் மட்டும் வரும், கடல் தெரியாது. அது இன்னும் நல்லா இருக்கும்.

போறவங்களுக்கு ஒரு எச்சரிக்கை: இந்தக் கடலுக்கு முதுகைக் காட்டி நிக்காதீங்க. பத்து நிமிஷம் சாதுவா இருந்துட்டு திடீர்னு ஒரு அலை பல அடி மேல ஏறி வந்து ஆளை இழுத்துட்டுப் போயிடும். பாறை விளிம்புல நின்னு போட்டோவும் வேணாம், விளிம்பு பொலபொலன்னு உதிர்ற ஜாதி.

இந்தப் பாதை எப்படி வந்துச்சு?

இந்த இடத்தையெல்லாம் ஏதோ இயற்கையாவே நமக்காகத் திறந்து கிடக்குதுன்னு நெனைச்சுக்கிட்டு நடக்கலாம். பல பேர் அப்படித்தான் நடக்கிறாங்க. நடந்த கதை வேற.

1960-கள்ல இதே சொனோமா கவுண்டியில சீ ரேஞ்ச்னு ஒரு பெரிய குடியிருப்புத் திட்டம் வந்துச்சு. சுமார் 10 மைல் கடலோரம். அங்க வீடு வாங்கறவங்களுக்குக் கடல் உண்டு, மத்தவங்க ரோட்டுலேர்ந்து வேடிக்கை பார்க்கலாம்ங்கிற நிலைமை. அதை எதிர்த்துக் கிளம்பினவங்கள்ல முக்கியமானவர் பில் கார்ட்டம். தொழில்ல கால்நடை டாக்டர். மாட்டுக்கு ஊசி போடற மனுஷன் கடலுக்காக ஊர் ஊரா ஆள் சேர்த்தார். அந்தப் போராட்டம் பெருசாகி, 1972 நவம்பர்ல மாநிலம் முழுக்க ஒரு பொது வாக்கெடுப்பு நடந்துச்சு. முன்மொழிவு 20-ன்னு பேரு. சுமார் 55 சதவீதம் பேர் ஆதரவா ஓட்டுப் போட்டாங்க. கடலோர ஆணையம் அப்படித்தான் பிறந்துச்சு. 1976-ல கடலோரச் சட்டம் வந்து அதை நிரந்தரமாக்கிச்சு. மேல சொன்ன கார்ட்டம் பாதைக்கு அவர் பேரும் அவர் மனைவி லூசி பேரும் சேர்ந்துதான் வந்துச்சு. 2014-ல இறந்துட்டார்.

அதே பக்கத்துல போடெகா முனைன்னு ஒரு இடம். அங்க பசிபிக் கேஸ் அண்ட் எலெக்ட்ரிக் நிறுவனம் அணு மின் நிலையம் கட்டறதா 1958-ல அறிவிச்சு, பெரிய குழியே தோண்டிட்டாங்க. சான் ஆண்ட்ரியாஸ் நிலப்பிளவு பக்கத்துலயே ஓடுற இடம்! மக்கள் விடல. 1964-ல திட்டத்தைக் கைவிட்டாங்க. தோண்டின குழியில தண்ணி தேங்கி இன்னைக்குக் குளமா இருக்கு. இப்ப அந்த முனையில நின்னுதான் நாம திமிங்கிலம் பார்க்கிறோம்.

சாத்தான் சறுக்கும் அப்படித்தான். அடிக்கடி சரியற அந்த நெடுஞ்சாலைக்குப் பதிலா மலையை வெட்டி மாத்துச்சாலை போடணும்னு அரசாங்கம் பல வருஷம் நின்னுச்சு. மலையை வெட்டாதீங்க, சுரங்கம் போடுங்கன்னு உள்ளூர்க்காரங்க நின்னாங்க. 1996-ல சான் மட்டேயோ கவுண்டி மக்கள் ஓட்டுப் போட்டு சுரங்கத்தைத் தேர்ந்தெடுத்தாங்க. 2013-ல சுரங்கம் திறந்துச்சு. கைவிட்ட பழைய ரோடு 2014-ல நடக்கிறவங்களுக்குக் கிடைச்சுது.

ஆக, நான் சனிக்கிழமை "சும்மா" நடக்கிற ஒவ்வொரு மைலுக்கும் யாரோ பல வருஷம் கூட்டம் போட்டு, கையெழுத்து வாங்கி, கோர்ட்டுக்கு அலைஞ்சிருக்காங்க.

கோயில் பொது, சாவி எங்கிட்ட

கலிபோர்னியாவுல சராசரி உயர் அலைக்கோட்டுக்குக் கீழ இருக்கிற ஈர மணல் பொதுமக்களோடது. அதை யாரும் விலைக்கு வாங்க முடியாது. ஆனா அந்த ஈர மணலுக்குப் போற வழி தனியார் நிலத்துல இருந்தா? கோயில் பொதுதான், சாவி மட்டும் எங்கிட்டங்கிற கதைதான்.

ஹாஃப் மூன் பேக்குத் தெற்கே மார்ட்டின்ஸ் பீச். பழைய உரிமையாளர்கள் பார்க்கிங்குக்குக் காசு வாங்கிக்கிட்டு பல வருஷமா எல்லாரையும் விட்டுக்கிட்டு இருந்தாங்க. 2008-ல சன் மைக்ரோசிஸ்டம்ஸை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான வினோத் கோஸ்லா அந்த நிலத்தை 3 கோடியே 25 லட்சம் டாலருக்கு வாங்கினார். கொஞ்ச நாள்ல கேட் மூடிக்கிச்சு. அலைச்சறுக்கு ஆடறவங்களோட சர்ஃப்ரைடர் அமைப்பு வழக்குப் போட்டுச்சு. ஆணையத்தோட அனுமதி இல்லாம கேட்டை மூட முடியாதுன்னு 2017-ல மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிச்சு. 2018 அக்டோபர்ல உச்ச நீதிமன்றம் அவரோட மேல்முறையீட்டை எடுத்துக்கவே மறுத்துடுச்சு.

இதை மதிய சாப்பாட்டு நேரத்துல எடுத்தா எங்க ஆஃபீஸ்ல ரெண்டு கட்சி. "காசு குடுத்து வாங்கினவன் நிலம், அவன் இஷ்டம்"னு ஒரு கட்சி. அவங்க சொல்றதுல நியாயமே இல்லைன்னு சொல்லமாட்டேன். வர்றவங்க குப்பை போடறாங்க, கண்ட இடத்துல காரை நிறுத்தறாங்க, பாட்டைச் சத்தமா வைக்கிறாங்க. பக்கத்துல குடியிருக்கிறவனுக்கு அது தலைவலிதான். ஆனா சட்டம் அவரோட வீட்டைக் கேக்கல, தோட்டத்தைக் கேக்கல. காலங்காலமா ஜனங்க போய்ட்டு வந்த ஒரு வழியை மூடறதுக்கு முன்னாடி வந்து அனுமதி கேளுங்கன்னுதான் சொல்லுது. குப்பைக்கு மருந்து குப்பைத்தொட்டி. பூட்டு இல்லை.

இன்னொண்ணும் சொல்லணும். நானெல்லாம் ஹெச்-1பி கேஸ். வாடகை அபார்ட்மென்ட், ஜன்னலைத் திறந்தா அடுத்த அபார்ட்மென்ட்டோட ஏசி. ஏழு ஜென்மம் ஆணி புடுங்கினாலும் கடல் தெரியற வீடு வாங்கப் போறதில்லை. என்னை மாதிரி ஆளுக்குக் கடல்னு ஒண்ணு இருந்தா அது பொதுக் கடல்தான். வேற பிளான் பி கிடையாது.

போர்வைக்கும் ஒரு கதவு உண்டு

சரி, டிசைன்ல என்ன பூட்டு, என்ன சாவின்னு கேப்பீங்க. போர்வைங்கிறது பாட்டிங்க பொழுதுபோக்குன்னு லேசா நெனைச்சிருந்தா ரெண்டு கதை கேளுங்க.

1987-ல சான் பிரான்சிஸ்கோவுல கிளீவ் ஜோன்ஸ்னு ஒருத்தர். எய்ட்ஸ்ல ஜனங்க கொத்துக் கொத்தா செத்துக்கிட்டிருந்த நேரம். அவரும் நண்பர்களும் இறந்தவங்க பேர்ல ஆளுக்கொரு துண்டு தைக்க ஆரம்பிச்சாங்க. ஒவ்வொரு துண்டும் 3 அடிக்கு 6 அடி, ஒரு கல்லறையோட அளவு. அந்த வருஷம் அக்டோபர்ல வாஷிங்டன்ல விரிச்சப்போ 1,920 துண்டு. இன்னைக்கு சுமார் 50,000 துண்டு, 54 டன் எடை. தைச்சவங்கள்ல பாதிப் பேருக்கு ஊசியில நூல் கோக்கத் தெரிஞ்சிருக்குமாங்கிறதே சந்தேகம். ஆனா போர்வைங்கிற வடிவம் பொதுவுல கிடந்துச்சு. யார்கிட்டயும் அனுமதி கேக்க வேண்டியிருக்கல. துக்கத்தைச் சொல்ல ஒரு மொழி வேணும்னு தேடினப்போ அது கைக்கு எட்டுற தூரத்துல இருந்துச்சு.

ரெண்டாவது கதை அலபாமாவுல. ஜீஸ் பெண்ட்னு ஒரு கிராமம். மூணு பக்கம் அலபாமா ஆறு வளைஞ்சு ஓடும். அடிமைங்களா பருத்திக் காட்டுல வேலை பார்த்தவங்களோட வம்சம்தான் அங்க இருக்கிறவங்க. கந்தலாப் போன வேலைச் சட்டை, ஜீன்ஸ், தீவன மூட்டைத் துணி, இதையெல்லாம் வெட்டித் தைச்சு குளிருக்குப் போர்வை செஞ்சாங்க. எதுவும் அளவுகோல் வெச்சு வெட்டினதில்லை. கோடு கோணலா போகும். ஆனா பார்த்தீங்கன்னா கண்ணை எடுக்க முடியாது.

அந்த ஊர்லேர்ந்து எதிர்க்கரையில இருக்கிற கேம்டன் ஊருக்குப் படகு ஓடிச்சு. 1962-ல கறுப்பின மக்கள் அக்கரைக்குப் போய் வாக்காளர் பட்டியல்ல பேர் பதிய ஆரம்பிச்சாங்க. படகை நிறுத்திட்டாங்க. அவ்வளவுதான். ஆத்தைத் தாண்டினா பக்கத்துல இருக்கிற ஊருக்கு, ரோட்டு வழியா சுத்திக்கிட்டு கிட்டத்தட்ட ஒரு மணி நேரம். படகு திரும்ப வந்தது 2006-ல. 44 வருஷம்! கடலோரத்துல கேட் போட்டது மாதிரியே இங்க ஆத்துல போட்டாங்க, பூட்டு மட்டும் கண்ணுக்குத் தெரியல.

அந்தப் பெண்கள் சும்மா உக்காந்திருக்கல. 1966-ல அந்த வட்டாரத்துப் பெண்கள் ஃப்ரீடம் குயில்டிங் பீங்கிற பேர்ல கூட்டுறவு அமைச்சு போர்வை வித்தாங்க. 2002-ல ஜீஸ் பெண்ட் போர்வைங்க ஹூஸ்டன் கலை அருங்காட்சியகத்துல சுவர்ல தொங்கிச்சு, அப்புறம் நியூயார்க்ல விட்னிக்குப் போச்சு. 2006-ல அமெரிக்கத் தபால்தலையே வந்துச்சு. அதுக்கப்புறம்தான் சிக்கல். அந்த டிசைனெல்லாம் வேற வேற பொருள் மேல ஏறி விக்க ஆரம்பிச்சது. எங்களுக்கு வர வேண்டியது வரலைன்னு 2007-ல சில பெண்கள் கோர்ட்டுக்குப் போனாங்க. அடுத்த வருஷம் சமரசத்துல முடிஞ்சது.

இந்த இடத்துல என்னோட 'எல்லாம் பொது' கட்சியை நானே கொஞ்சம் நிறுத்திக் கேக்க வேண்டியிருக்கு. டிசைன் பொதுன்னா அந்தப் பாட்டிங்களோட கைவேலையையும் யார் வேணா எடுத்து வித்துக்கலாமா? கூடாது. ஒன்பது கட்டம் போட்ட போர்வை ஊருக்கே பொது. ஆனா ஒரு குறிப்பிட்ட அம்மா தன் புருஷனோட கிழிஞ்ச ஜீன்ஸை வெட்டி, தன் கண்ணால அளந்து தைச்ச அந்த ஒரு போர்வை அவங்களுது. பேர் சொல்லணும், காசு குடுக்கணும். பொதுங்கிறது எல்லாரும் வந்து உக்கார்ற திண்ணை. வீட்டுக்காரி கழுவி வெச்ச திண்ணைங்கிறதை மறந்துட்டு, கல்லைப் பேத்துக்கிட்டுப் போறதுக்குப் பேர் வேற.

நம்ம தொழில்லயே பாருங்களேன். ஓபன் எஸ்எஸ்எல்னு ஒரு மென்பொருள். இன்டர்நெட்ல பாதி அது மேலதான் பூட்டு போட்டுக்கிட்டு இருந்துச்சு. எடுத்துப் பயன்படுத்தின கம்பெனிங்க ஆயிரக்கணக்குல, பராமரிச்சவங்க கைவிரல் விட்டு எண்ணிடலாம். 2014-ல ஹார்ட்பிளீட் ஓட்டை வெளிய வந்தப்புறம்தான், அடடா இதைப் பார்த்துக்க ஆளே இல்லையேன்னு எல்லாருக்கும் உறைச்சுது. பொதுவை நாதியத்ததுன்னு நெனைச்சா என்ன ஆகும்ங்கிறதுக்கு இதைவிட உதாரணம் வேணுமா?

சரி, என்ன பண்ணலாம்?

அறிவுரை சொல்ற வயசு எனக்கு இன்னும் வரல (முப்பதைத் தொட இன்னும் கொஞ்ச நாள் பாக்கி). அதனால நான் என்ன பண்றேன்னு மட்டும் சொல்றேன்.

1. நடக்கப் போனா, போட்டிருக்கிற பாதையில மட்டும் நடக்கிறேன். குறுக்கு வழின்னு புல்லை மிதிச்சா மண்ணு கரையும், அப்புறம் பாதையையே மூடிடுவாங்க. செப்டம்பர் மாசம் மூணாவது சனிக்கிழமை கலிபோர்னியா முழுக்கக் கடலோரத் துப்புரவு நாள், 1985-லேர்ந்து நடக்குது. ஒரு சாக்குப் பை, ஒரு கையுறை, மூணு மணி நேரம். முடிச்சுட்டு அங்கேயே நடந்துடலாம்.

2. 'தனியார் கடற்கரை, உள்ளே வராதே'ன்னு பலகை பார்த்தா அப்படியே திரும்பிடறதில்லை. மாலிபு பக்கம் போலிப் பலகை வெச்ச கதையெல்லாம் உண்டு. வந்து வரைபடத்துல பார்த்து, பொது வழின்னு தெரிஞ்சா ஆணையத்துக்கு எழுதிப் போடறேன். அவங்களோட கூட்டத்துல போய்ப் பேச பாஸ்போர்ட் யாரும் கேக்கிறதில்லை.

3. பழைய டிசைன் தைச்சா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு தேடிப் படிக்கிறேன். இப்ப யாராவது புதுசா யோசிச்சு உருவாக்கின டிசைன்னா காசு குடுத்து வாங்கறேன், நண்பன்கிட்ட ஜெராக்ஸ் கேக்கிறதில்லை. யார் கேட்டாலும் மெஷின்ல உக்கார வெச்சு சொல்லிக் குடுக்கிறேன். இதுவரைக்கும் ஆஃபீஸ்ல ரெண்டு பேர் மாட்டியிருக்காங்க, ரெண்டும் ஆம்பளைங்க :-)

4. ஊருக்கு வந்தா கண்ணைத் திறந்து வெச்சுக்கிறேன். இந்தியாவுலயும் 1991-லேர்ந்து கடலோர ஒழுங்குமுறை மண்டல விதி இருக்கு. ஆனா கிழக்குக் கடற்கரைச் சாலையில போறப்போ ரோட்டுக்கும் கடலுக்கும் நடுவுல எத்தனை மதில், எத்தனை வாட்ச்மேன்னு ஒரு தடவை எண்ணிப் பாருங்க. அந்த மதிலுக்கு நடுவுல மீனவங்க வலையைத் தோள்ல போட்டுக்கிட்டுப் போற ஒரு சந்து இருக்கும். அந்தச் சந்துதான் நம்ம கார்ட்டம் பாதை. அது மூடினா நமக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போகும், அவங்களுக்குப் பொழப்பே போயிடும்.

எனக்கு இங்க ஓட்டு கிடையாது. 1972-ல ஓட்டுப் போட்டவங்களுக்கு என்னைத் தெரியாது, நான் பிறக்கவே இல்லை, என் ஊர் எந்தத் திசையில இருக்குன்னும் அவங்களுக்குத் தெரிஞ்சிருக்காது. ஆனாலும் பேர் தெரியாத எவனோ ஒருத்தன் பின்னாடி வருவான், அவனும் கடலைப் பார்க்கட்டும்னு வழியை விட்டு வெச்சுட்டுப் போனாங்க. மரக்குடில் டிசைனை முதல்ல தைச்ச அந்தப் பேர் தெரியாத அம்மாவும் அதேதான் பண்ணினாங்க. பதிலுக்கு நாம செய்ய வேண்டியது, நமக்குத் தெரியாத இன்னொருத்தனுக்கு அதை அப்படியே விட்டு வெக்கிறது.

உங்க ஊர்ல கடலுக்கோ, ஆத்துக்கோ, குளத்துக்கோ போற வழி ஏதாவது சமீபத்துல மூடியிருக்கா? திறந்தே இருக்கா? யாரால இன்னும் திறந்திருக்கு? தெரிஞ்சவங்க வந்து சொல்லுங்க. தெரியாதவங்க இந்த சனிக்கிழமை ஒரு எட்டு நடந்து போய்ப் பார்த்துட்டு வந்து சொல்லுங்க.